ஆறு கோலுக்கும் ஒரே விசிலா?

கோவில்பதாகையில் எங்கள் வயதுக்காரர்களுக்குப் பந்தாட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த அண்ணன்களில் ஒருவர், தன் காலத்தில் ஸ்டாப்பராக நின்று ஆடியவர், நான்கு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். அதை ஜெராக்ஸ் எடுத்து, பூம்பொழில் நகரிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வரை, பந்து உதைக்கும் பையன்கள் கையிலெல்லாம் கொடுத்தும் விட்டார். இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. வாங்கிய பெரிய தோல்விகளெல்லாம் ரெஃப்ரிகள் கொடுத்தவை என்கிறது அறிக்கை. 2022 நவம்பர் 12 அன்று நேரு ஸ்டேடியத்தில் மும்பை சிட்டியிடம் 2-6 என்று தோற்ற ஆட்டம்தான் அதற்கு அவர் நிறுத்தும் முதல் சாட்சி. வாதம் தவறாக இருந்தால் மட்டும் டீக்கடையிலேயே பேசி முடித்திருப்பேன். அது பையன்கள் மனதில் விஷத்தை ஊற்றுகிறது. அதனால் எழுத்திலேயே பதில் சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்லிஸ்கோவிச் ஒரு கோல், எல் கயாத்தி ஒரு கோல். அரைமணி நேரம் தாண்டியபோது சென்னை 2-0 என்று முன்னால் இருந்தது. இரண்டாவது கோல் விழுந்த சூடு ஆறுவதற்குள் மும்பையின் பெரேரா டியாஸ் ஒன்றைத் திருப்பினார். இடைவேளையை ஒட்டி மும்பைக்கு ஒரு பெனால்டி. கிரெக் ஸ்டூவர்ட் அடித்தார், 2-2. அண்ணனின் மொத்த வழக்கும் இந்த விசிலின் மேல்தான் நிற்கிறது. அது ஊதப்படாமல் இருந்திருந்தால் சென்னை ஜெயித்திருக்கும் என்கிறார்.

சரி, அந்தப் பெனால்டி தவறு என்றே எழுதிக்கொள்வோம். ஸ்கோரிலிருந்து அதை அழித்தும் விடுவோம். சென்னை 2-1 என்ற முன்னிலையோடு இடைவேளைக்குப் போகிறது. திரும்பி வந்த இருபது நிமிடத்துக்குள் வினித் ராய், விக்னேஷ் தட்சிணாமூர்த்தி, நொகேரா என்று மூன்று பேர் மூன்று கோல் போட்டார்கள். கடைசியில் பிபின் சிங் ஒன்று போட்டார். பெனால்டியைக் கழித்த பிறகும் 2-5. இந்த நான்கு கோலுக்கும் அண்ணனின் நான்கு பக்கத்தில் நான்கு வரிகூட இல்லை.

ஆறு கோலையும் ஆறு பேர் அடித்தார்கள். ஓர் எதிராளி மூன்று கோல் போட்டால், அவன் அன்று பேய் பிடித்தவன்போல ஆடினான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆறு பேர் ஆளுக்கொன்று போட்டால், யார் உள்ளே வந்தாலும் தடுக்க ஆளில்லை என்றுதான் அர்த்தம். விக்னேஷ் லெஃப்ட் பேக். லெஃப்ட் பேக் ஒருவர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஏறி வந்து கோல் அடித்துவிட்டுப் போகிறார் என்றால், அவரோடு கூடவே ஓடி வந்திருக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாதவர் அல்ல அண்ணன். மண் தரையில் எங்களை நிறுத்தி, "பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்று தொண்டை வற்றக் கத்தியவர் அவர். தெரிந்தும் கேட்காமல் விட்டிருக்கிறார். எனக்குக் கோபம் அதில்தான்.

அவர் மறைத்த இன்னொரு பெயர் வஃபா ஹகமனேஷி. அந்த சீசனில் சென்னையின் ஈரானிய ஸ்டாப்பர். மும்பை ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டம் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுடன் நடந்தது. சென்னை 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலை அடித்தவர் வஃபா. அடித்த கையோடு, கொண்டாட்டத்துக்காக இரண்டாவது மஞ்சள் கார்டு வாங்கி வெளியே போனார். இரண்டு மஞ்சள் ஒரு சிவப்பு. சிவப்புக்கு அடுத்த ஆட்டம் தடை. அந்த அடுத்த ஆட்டம்தான் மும்பை. அந்த சீசன் முழுக்க இருபது ஆட்டத்தில் 54 கோல் போட்டு லீக் ஷீல்டைத் தூக்கிய ஓர் அணியை, முதன்மை ஸ்டாப்பர் இல்லாமல் எதிர்கொண்டோம். கொண்டாட்டத்தில் எல்லை மீறினால் கார்டு உண்டு என்பது பள்ளிக்கூட ஆட்டக்காரனுக்கும் தெரிந்த விதி. அந்தக் கார்டு எந்த ரெஃப்ரியின் சதி? ஸ்டாப்பராக ஆடிய ஒருவர், ஸ்டாப்பர் இல்லாமல் வாங்கிய ஆறு கோலைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் அதை மறதி என்று நான் ஏற்க மாட்டேன்.

பிரேசிலுக்கும் இதே கதை நடந்திருக்கிறது. 2014 உலகக் கோப்பையில் கொலம்பியாவுடன் நடந்த கால் இறுதியில் கோல்கீப்பர் ஒஸ்பினாவின் குறுக்கே போய் நின்று கேப்டன் தியாகோ சில்வா தேவையில்லாத ஒரு மஞ்சள் கார்டு வாங்கினார். அதனால் அவருக்கு அரை இறுதி போனது. அதே ஆட்டத்தில் சுனிகாவின் முழங்கால் இடித்து நெய்மாருக்கு முதுகெலும்பில் முறிவு. ரெஃப்ரி அதற்கு ஒரு கார்டும் காட்டவில்லை. நாடே கொதித்தது. சில்வாவின் கார்டை ரத்து செய்யச் சொல்லி பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு ஃபிஃபாவிடம் முறையிட்டது, நடக்கவில்லை. நான்கு நாள் கழித்து பெலோ ஹொரிசாஞ்சியில் ஜெர்மனியிடம் 1-7. நெய்மாருக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு நிமிடத்தில் நான்கு கோல் வாங்கிய தடுப்பாட்டத்தை அந்த அநியாயம் விளக்காது. அன்றிரவு பிரேசில்காரர்கள் ரெஃப்ரியைத் தேடிப் போகவில்லை. தங்கள் பயிற்சியாளரையும் கூட்டமைப்பையும் நோக்கித்தான் கை நீட்டினார்கள். ஸ்கொலாரி பதவியை விட்டுப் போனார்.

நம் ஊரில் யாரை நோக்கிக் கை நீட்ட வேண்டும்? 2-6 வானத்திலிருந்து விழவில்லை. அதே 2022 பிப்ரவரியில் எஃப்.சி. கோவாவிடம் 0-5 வாங்கினோம். அதோடு பயிற்சியாளர் பண்டோவிச் போனார். அடுத்த சீசனுக்குத் தாமஸ் பிரடாரிச் வந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் புதிதாக எடுத்தார்கள். ஒன்பது மாதத்தில் மறுபடி ஆறு கோல். ஒரே ஆண்டில் ஐந்தும் ஆறும் வாங்கிய கிளப்பில், தடுப்பாட்டத்துக்கு யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, பதவி உண்டு. ரெஃப்ரியைத் திட்டும் அறிக்கை ஒன்று ஊருக்குள் சுற்றும் ஒவ்வொரு நாளும் அவர்கள் பதில் சொல்லாமல் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

2018 மார்ச் 17 பெங்களூரு இறுதி ஆட்டம் அண்ணனுக்கு மறந்திருக்காது. பெங்களூரு அணியின் சேத்ரி முதல் கோலைப் போட்டுவிட்டார். கண்டீரவா முழுக்க நீலம். அதற்கு நடுவே இரண்டு முறை தலையால் முட்டிக் கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பியவர் மெயில்சன் ஆல்வெஸ், நம் ஸ்டாப்பர். 3-2 என்று கோப்பை வந்தது. அடுத்த சீசனே பதினெட்டு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, ஒன்பது புள்ளி, பட்டியலில் கடைசி இடம். சாம்பியன் அணி பன்னிரண்டு மாதத்தில் அடிமட்டத்துக்குப் போகிறது. எந்த நாட்டு ரெஃப்ரியாலும் அதைச் செய்ய முடியாது. கிளப்பால்தான் முடியும்.

"சென்னை என்றாலே விசில் வேறு மாதிரி ஊதுகிறார்கள்" என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. பையன்களுக்கு மிகவும் பிடித்த வரி இதுதான் என்று கேள்விப்பட்டேன். 2015 இறுதி ஆட்டம் ஃபதோர்தாவில், கோவாவின் சொந்த மைதானத்தில். இரண்டாம் பாதியில் சில நிமிட இடைவெளியில் சென்னைக்கு இரண்டு பெனால்டி. இரண்டையும் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார். முதலாவதில் திரும்பி வந்த பந்தை பெலிசாரி உள்ளே தள்ளினார். அன்று கோவாக்காரர்கள் நமக்கு எதிராக இதே வரியை எழுதியிருந்தால் அண்ணன் என்ன பதில் சொல்லியிருப்பார்? கேரளத்துக்காரர்களைக் கேளுங்கள், கொல்கத்தாக்காரர்களைக் கேளுங்கள். தங்களுக்கு எதிராகத்தான் விசில் ஊதப்படுகிறது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். எல்லோருக்கும் எதிராக ஒரே சதி இருக்க முடியாது. எல்லோருக்கும் தரமில்லாத நடுவர் முறை ஒன்று இருக்க முடியும். அது இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும், பேசுகிறேன்.

அதற்கு முன், அறிக்கை புகழ்ந்து தள்ளும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச் 3, பெங்களூரு, பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தில் 96-வது நிமிடத்தையொட்டி பெங்களூருக்கு ஃப்ரீகிக். கேரளா பிளாஸ்டர்ஸ் வால் கட்டி முடிப்பதற்குள் சேத்ரி உதைத்துவிட்டார், கோல். ரெஃப்ரி தமிழ்நாட்டைச் சேர்ந்த கிரிஸ்டல் ஜான். கோல் கொடுத்தார். கேரளப் பயிற்சியாளர் வுகோமனோவிச் தன் ஆட்களை மைதானத்தை விட்டு வெளியே கூப்பிட்டார், அவர்கள் திரும்பவே இல்லை. "அதுதான் தன்மானம், சென்னையும் அப்படி வெளியேற வேண்டும்" என்று அண்ணன் பையன்களுக்கு எழுதியிருக்கிறார்.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீகிக்கை உடனே எடுக்க எதிரணியின் அனுமதி தேவையில்லை. வாலைத் தள்ளி நிறுத்தி, விசிலுக்குக் காத்திரு என்று ரெஃப்ரி சொல்லிவிட்டால்தான் விசில் வரும்வரை உதைக்கக் கூடாது. அன்று ரெஃப்ரி அப்படிச் சொன்னாரா, இல்லையா என்பதில்தான் முழுச் சண்டையும். நியாயமான சண்டைதான். ஆனால் கூடுதல் நேரம் முப்பது நிமிடம். கோல் விழும்போது இருபது நிமிடத்துக்கு மேல் மீதம் இருந்தது. ஒரே ஒரு கோல் போட்டால் போதும், ஆட்டம் சமம். அதை விட்டுவிட்டு நடந்து போனார்கள். ஆட்டம் பெங்களூருக்குப் போனது. கிளப்புக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. இருபது நிமிடம் கையில் வைத்துக்கொண்டு ஆடாமல் போவதை, தோற்கும்போதும் கடைசி விசில்வரை ஓடச் சொல்ல வேண்டிய ஒரு பெரியவர் தன்மானம் என்று சொல்லிக்கொடுக்கிறார். அண்ணே, இது அநியாயம்.

இப்போது ரெஃப்ரியின் உண்மையான தவறுக்கு வருகிறேன். அப்படி ஒன்று கிடையாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 2024 ஜூன் 11, தோஹா, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. சாங்தே போட்ட கோலால் இந்தியா 1-0 என்று முன்னால். 73-வது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் அருகே பந்து கோட்டை முழுக்கத் தாண்டி வெளியே போய்விட்டது. கத்தார் ஆட்டக்காரர் அதை உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் வலைக்குள் அடித்தார். கொரிய ரெஃப்ரியும் லைன்ஸ்மேனும் கோல் என்றார்கள். வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். முறை அந்தச் சுற்றில் இல்லை. பச்சையான தவறு அது. 2-1 என்று தோற்று வெளியே வந்தோம். எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அண்ணன் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். நான் நிறுத்த மாட்டேன். அந்தச் சுற்றில் இந்தியா ஆடியது ஆறு ஆட்டம், போட்டது மூன்றே கோல். அதிலும் ஒன்று பெனால்டி. ஆப்கானிஸ்தானோடு 0-0, அதே ஆப்கானிஸ்தானிடம் குவாஹாட்டியில் 1-2. கொல்கத்தாவில் சேத்ரி ஓய்வு அறிவித்துவிட்டு ஆடிய பிரியாவிடை ஆட்டத்தில் குவைத்தோடு 0-0. அந்த ஆண்டு ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோல்வி, ஒரு கோல்கூடப் போடவில்லை. குவாஹாட்டியில் ஒழுங்காக ஆடி ஜெயித்திருந்தால் தோஹாவில் கொரிய ரெஃப்ரியின் கண்ணை நம்பி நிற்க வேண்டிய நிலையே வந்திருக்காது. தவறான கோல் ஒன்று நம்மைக் கீழே தள்ளியது உண்மை. விளிம்புவரை நாமே நடந்து போயிருந்தோம்.

லாம்பார்டின் கோலையும் அண்ணன் இழுத்திருக்கிறார். 2010 ஜூன் 27, புளூம்ஃபொன்டெய்ன், இங்கிலாந்து 1-2 என்று பின்தங்கியிருந்தபோது லாம்பார்ட் அடித்த பந்து பாரில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே துள்ளியது. ரெஃப்ரி லாரியோண்டா கோல் கொடுக்கவில்லை. ஜெர்மனி 4-1 என்று ஜெயித்தது. பெரிய தோல்வியும் பெரிய தவறும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதனாலேயே அது அண்ணனுக்கு எதிராகத்தான் பேசுகிறது. லைன்ஸ்மேன் ஆஃப்சைடு பார்க்க, கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்க வேண்டும். பெனால்டி ஏரியாவின் விளிம்பிலிருந்து உதைத்த பந்து பாருக்குப் போய்ச் சேரும் நேரத்தில் எந்த மனிதனாலும் கோல் கோட்டுக்கு ஓடி வந்து பார்க்க முடியாது. குறை ஒருவருடைய நாணயத்தில் இல்லை, முறையில் இருந்தது. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. அதுவரை தொழில்நுட்பத்துக்கு வழிவிடாத ஃபிஃபா தலைவர் பிளாட்டர் இங்கிலாந்திடம் மன்னிப்புக் கேட்டார். 2012 ஜூலையில் கோல் லைன் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இங்கிலாந்து ஆட்கள் எல்லோரும் முன்னே ஏறி நிற்க, பின்னால் திறந்து கிடந்த வெளியில் ஓடி முல்லர் மூன்று நிமிடத்துக்குள் போட்ட இரண்டு கோலைப் பற்றி இங்கிலாந்துப் பத்திரிகைகளே கிழித்து எழுதின. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க அவர்களுக்கு முடிந்தது.

இங்கே என்ன நடக்கிறது? இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியது. 2018 உலகக் கோப்பைக்கே வி.ஏ.ஆர். வந்துவிட்டது. நம் லீக் 2024-25-ல் பதினொரு சீசன் முடித்தபோதும் அது இல்லை. ஒரு ரெஃப்ரி, இரண்டு லைன்ஸ்மேன், ஒரு நான்காவது ஆள். கோடி கோடியாகச் செலவழித்து நடக்கும் ஆட்டத்தில் இவர்களின் கண்தான் கடைசி. மறுநிமிடம் டி.வி.யில் பத்துக் கோணத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். பார்க்கிற நமக்குக் கிடைக்கும் படம், தீர்ப்புச் சொல்கிறவருக்குக் கிடையாது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது டில்லியில் இருக்கும் கூட்டமைப்பு, லீக்கை நடத்துகிறவர்கள், கிளப் முதலாளிகள். அண்ணனின் நான்கு பக்கத்தில் வி.ஏ.ஆர். என்ற சொல்லே வரவில்லை. "விலைபோனவன்" என்ற சொல் வந்திருக்கிறது. எந்த ஆட்டம், எந்த நிமிடம், எந்த விதி, என்ன ஆதாரம், எதுவும் இல்லாமல் வந்திருக்கிறது.

அந்தச் சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே பலன் கிடைத்துவிட்டது. நம் பக்கத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் விசில் ஊத வருகிறவர்கள் யார் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். ஷிஃப்ட் முடித்து நேராகக் கிரவுண்டுக்கு வரும் தொழிலாளி, மாவட்டச் சங்கத்தின் ரெஃப்ரி தேர்வு எழுதி மேலே போக ஆசைப்படும் கல்லூரிப் பையன். பெட்ரோல் காசும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்தான் அவர்கள் காணும் வருமானம். சமீபத்தில் ஓர் ஆட்டத்தில், ஆஃப்சைடு கொடுத்த அப்படி ஒரு பையனைத் தோற்ற அணியினர் சுற்றி வளைத்துச் சட்டையைப் பிடித்தார்கள். "எவ்வளவுடா வாங்கினே?" என்று கேட்டவனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. அந்தக் கேள்வியை அவனாகவே கண்டுபிடித்துவிடவில்லை. அன்று அடி வாங்காமல் தப்பிய அந்த இளம் ரெஃப்ரி அதன் பிறகு விசிலை எடுக்கவில்லை.

நல்ல ரெஃப்ரி இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறோம். நல்ல ரெஃப்ரி இங்கிருந்துதான், இந்த மண் தரையிலிருந்துதான் வர வேண்டும். கிரிஸ்டல் ஜானும் ஒரு நாள் இப்படி ஏதோ ஒரு சின்ன மைதானத்தில் முதல் விசிலை ஊதியவர்தான். வருகிறவனையெல்லாம் சட்டையைப் பிடித்து விரட்டிவிட்டு, 2-6-க்கு அழுவதில் எந்த நியாயமும் இல்லை.

அடுத்த சீசன் நேரு ஸ்டேடியத்தில் ரெஃப்ரிகளுக்கு எதிராகக் கறுப்புக்கொடி பிடிக்க ஆவடியிலிருந்து ரயில் ஏறி வரச் சொல்லிப் பையன்களை அழைக்கிறது அறிக்கையின் கடைசிப் பத்தி. நான் வர மாட்டேன். என்னைக் கேட்கும் பையன்களையும் போகவிட மாட்டேன். வி.ஏ.ஆர். எப்போது வரும் என்று கூட்டமைப்பைக் கேட்டும், ஒரே ஆண்டில் ஐந்தும் ஆறும் வாங்கிய தடுப்பாட்டத்துக்கு யார் பொறுப்பு என்று கிளப்பைக் கேட்டும் ஒரு பேனர் எழுதினால் அதன் ஒரு முனையை நான் பிடிக்கிறேன். அறிக்கையையும் அண்ணன் திரும்ப எழுதட்டும். வஃபாவின் மஞ்சள் கார்டு, இடைவேளைக்குப் பிறகு விழுந்த நான்கு கோல், அந்தந்த நேரத்தில் நம் ஸ்டாப்பர்கள் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொன்றாகப் படம் போட்டு எழுதட்டும். ஆவடியில் அதை அவரைவிட நன்றாக எழுத ஆள் கிடையாது. ஜெராக்ஸ் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.